கிணறும் வளவும்: யாழ்ப்பாணத்து வீட்டுத் தோட்டம் பற்றிய சில சமூக வரலாற்றுக் குறிப்புகள்

2022 யூன் மாதத்தில் இலங்கை அமைச்சரவை, அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு மூன்று மாத காலத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கத் தீர்மானித்தது. அவர்கள் தத்தம் வீடுகளிலே பயிரிடுதல் வேண்டும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. முந்திய ஆண்டிலே இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து விளைச்சலை வீழ்த்திய அதே அரசே இவ்வழைப்பையும் விடுத்தது. இது புதியதோர் அழைப்பன்று. 1973இல் தொடங்கப்பெற்ற 'உணவு உற்பத்திப் போர்', 2011இல் வந்த 'திவிநெகும' ஆகியனவும் வீட்டு முற்றத்தையே நோக்கின. ஒவ்வொரு வீட்டையும் சூழ நிலம் உண்டு, நிலத்திலே நீர் உண்டு என்பது இவ்வழைப்புகள் யாவற்றினதும் அடியிலே கிடக்கும் எடுகோள். வீட்டுத் தோட்டத்துக்குப் பெயர்பெற்ற யாழ்ப்பாணத்தை முன்வைத்து இவ்வெடுகோளைச் சோதித்துப் பார்ப்பதே எமது நோக்கம்.

முதலிற் சொல் வழக்கைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் நன்று. யாழ்ப்பாணத்தார் 'தோட்டம்' என்று சொல்வது பெரும்பாலும் வெங்காயம், மிளகாய், புகையிலை முதலியன செய்கைபண்ணப்படும் இறைப்பு நிலத்தையே. வீட்டைச் சூழ்ந்து வேலிக்குள் அடங்கிய நிலம் 'வளவு' எனப்படும். முன்னது சந்தைக்கு உரியது. பின்னது அடுக்களைக்கு உரியது. இவ்விரண்டையும் இணைத்து நின்றது கிணறு. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வடகீழ்ப் பருவக்காற்றோடு வரும் ஐப்பசி, கார்த்திகை மழையே சுண்ணாம்புக் கற்பாறைக்குள் இறங்கிக் கிணற்று நீராகின்றது. எனவே மாரியில் எவரும் பயிரிடலாம். கோடையில் கிணறுடையவரே பயிரிடலாம். பின்வரும் விடயங்கள் யாவும் இவ்வொரு வேறுபாட்டிலிருந்து கிளைப்பனவே.

மாரிக்கு முன்னரே வளவு விழித்துக் கொள்ளும். வேலியின் பூவரசும் கிளுவையும் வெட்டப்பட்டு, குழை பசளையாகத் தாழ்க்கப்படும். பட்டுப்போன இடங்களில் முதல் மழையோடு புதிய கதியால்கள் ஊன்றப்படும். கத்தரி, மிளகாய் நாற்றுகள் நடப்படும். பாகலுக்கும் புடோலுக்கும் பந்தல் எழும். புடோலங்காய் நேராக நீளுவதற்கு அதன் நுனியிலே சிறு கல் கட்டித் தொங்கவிடப்படும். சித்திரை, வைகாசியில் ஊன்றிய இராசவள்ளி தை, மாசியிற் கிண்டப்படும். இவ்வேலைகளுட் பெரும்பகுதி பெண்களின் உழைப்பு. ஆயினும் அது ஒருபோதும் 'கமம்' என்று எண்ணப்படவில்லை. வீட்டு வேலையாகவே கணிக்கப்பட்டது. விதையும் நாற்றும் கிழங்கும் பணமின்றிக் கைமாறின. அவை கைமாறியது படலை வழியாக அன்று. வேலியிலே இருந்த 'பொட்டு' வழியாகவே. ஆள் நுழையக்கூடிய அச்சிறு வழியூடாகவே கறிவேப்பிலைக் கன்றும் கடனுக்கு வாங்கிய அரிசியும் ஊர்ச்செய்தியும் போய்வந்தன. கிடுகு வேலியைப் பண்பாட்டுச் சின்னமாக்கி எழுதியோர் பலர். பொட்டைப் பற்றி எழுதியோரை நான் அதிகம் கண்டதில்லை.

ஆனால் பொட்டு யாருக்கும் யாருக்கும் இடையே இருந்தது என்பது கேட்கப்படவேண்டிய வினா. பொதுவாக அது இனத்தவருக்கிடையே, ஒரே சாதியாருக்கிடையே இருந்தது. கோடை வந்ததும் இவ்வரையறை மேலும் துலக்கமுறும். துலா மிதிப்பவர், பட்டை பிடித்து இறைப்பவர், வாய்க்காலில் தண்ணீர் மாறுபவர் என இறைப்புக்குப் பல கைகள் வேண்டும். சிறு கமக்காரர் தமக்குள் முறைவைத்து ஒருவருக்கொருவர் இறைத்துக் கொண்டனர். பங்குக் கிணறுகளில் நீரும் முறைவைத்தே பகிரப்பட்டது. இக்கூட்டுழைப்பு மெய்யானது, பாராட்டத்தக்கது. எனினும் நிலவுடைமையாளரின் துலாவிலே ஏறி மிதித்தவர்களுட் பலர், அக்கிணற்றிலே தாமாக ஒரு குடம் நீர் அள்ளும் உரிமை அற்றவர்கள். பயிருக்கு நீர் இறைத்தவர், குடிப்பதற்கு நீரை மற்றவர் வார்க்கும்வரை காத்து நின்றனர்.

1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையை இங்கு நோக்குதல் பொருந்தும். காணி, தோட்டம், பனை மரம், அடைமானம் ஆகியவற்றுக்கு விதி கூறும் அதே நூல், அடிமைகளுக்கும் விதி கூறுகின்றது. பங்காளருக்கும் அயற்காணிக்காரருக்கும் அது அளித்த முன்வாங்கல் உரிமை, காணி வெளியார் கைக்குச் செல்லாது காத்தது. 'வெளியார்' என்ற சொல்லுக்குள் யார் அடங்கினர் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1844இல் அடிமை முறை ஒழிந்தது. வளவும் கிணறும் இருந்த கைகளிலேயே இருந்தன. 1957இன் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டமும், 1966 ஒக்டோபரிலே எழுச்சியுற்ற தீண்டாமை ஒழிப்புப் போராட்டமும் தேநீர்க் கடையையும் கோயிலையும் திறப்பித்தன. தனியாரின் வேலிக்குள் இருந்த கிணறோ உடைமை என்ற காவலுக்குள்ளேயே நின்றது. கே. டானியல் தமது நாவலொன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட்டமை தற்செயலானதன்று. 'கந்தபுராணப் பண்பாடு' என்று இச்சமூகத்தை வருணித்தோரின் கண்ணுக்கு அக்கிணற்றடி புலப்படவில்லை.

நீரிறைக்கும் இயந்திரம் துலாவை ஓய்வுறச் செய்தது. அத்துடன் முறை இறைப்பும் குன்றியது. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை பெற்றபோது, செம்மண் நிலமும் இயந்திரமும் உடையோரே அதிகம் ஈட்டினர். 1977இன் பின்னர் வந்த திறந்த சந்தை அவ்வாதாயத்தைச் சரித்தது. 1990இலிருந்து நடைமுறையிலிருந்த பொருளாதாரத் தடையின் கீழ் யூரியாவும் எரிபொருளும் வராதபோது குழையும் எருவும் மீண்டும் மதிப்புப் பெற்றன. மாரி வளவு பல குடும்பங்களைக் காத்தது. ஆனால் அதே 1990இலே வலிகாமம் வடக்கினர் வளவையும் கிணற்றையும் விட்டு வெளியேறினர். பலருக்கு அவை பல பத்தாண்டுகளாகப் பாதுகாப்பு வலயத்துள் அடைபட்டுக் கிடந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது நாற்று நடும் மாரிக் காலத்திலேதான். இரவல் வளவிற் குடியிருந்தவர், பிறர் கிணற்றிலே முறை கேட்டு நிற்க நேர்ந்தது. தலைமுறை தலைமுறையாகச் சிலர் மட்டுமே அறிந்திருந்த அந்நிலையைக் கிணறுடையோரும் அப்போது அறிந்தனர். அவ்வறிவு ஊர் திரும்பிய பின்னர் எத்துணை காலம் நிலைத்தது என்பது வேறு விடயம்.

இனி 2022க்குத் திரும்புவோம். யூன் மாதம் யாழ்ப்பாணத்திலே சோளகக் காற்று வீசும் வறண்ட பருவம்; இறைத்தாலன்றிக் கீரையும் முளைக்காது. விடுமுறை கிடைத்த உத்தியோகத்தருக்கு மாதச் சம்பளம் தடையின்றி வந்தது. வளவும் கிணறும் பெரும்பாலும் இருந்தன. தோட்டங்களிலே நாட்கூலிக்குப் புல்லுப் பிடுங்குபவருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது அன்றைய கூலி இல்லாமற் போவதே. இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் தேடிய சிறு கமக்காரரோ, வெற்றுக் கலனுடன் எரிபொருள் நிலைய வரிசையிலே நின்றிருந்தனர்.