தன் தரப்பைத் தட்டிக் கேட்டவர்கள்

1915 மே 24 அன்று பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா ஆகிய மூன்று வல்லரசுகளும் கூட்டாக ஓர் அறிக்கை விட்டன. ஒட்டோமான் துருக்கியில் ஆர்மீனியக் கிறிஸ்தவர்கள் கொல்லப்படுவது மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்றும், அதற்குத் துருக்கி அரசின் உறுப்பினர்கள் தனித்தனியாகப் பொறுப்பேற்க நேரும் என்றும் அது எச்சரித்தது. சர்வதேசச் சட்டத்தின் வரலாற்றில் அந்த அறிக்கைக்குப் பெரிய இடம் உண்டு. ஆனால் அது வெளியான மூன்றாம் நாள், மே 27 அன்று, ஆர்மீனியர்களை ஊரோடு பெயர்த்துக் கொண்டுபோவதற்கான தற்காலிகச் சட்டத்தை அதே துருக்கி அரசு இயற்றியது. அறிக்கை விட்ட மூவரும் அப்போது துருக்கியோடு போரில் இருந்தவர்கள். எதிரியின் கண்டனம் என்று ஒதுக்கித் தள்ள இஸ்தான்புல்லில் இருந்தவர்களுக்கு அந்த ஒரு காரணமே போதுமாக இருந்தது. கிறிஸ்தவச் சிறுபான்மையினர் மீது நடந்த வன்முறைக்கு எதிராக யாரெல்லாம் பேசினார்கள் என்ற கணக்கை வரலாறு நிறையவே எழுதிவைத்திருக்கிறது. எந்தப் பக்கம் நின்று பேசினார்கள் என்பதுதான் அதைவிட முக்கியம் என்று கருதுகிறேன். கொலை செய்பவனின் பக்கத்தில் இருந்துகொண்டே அவனைத் தட்டிக் கேட்டவர்கள் சிலரே. ஆனால் உயிர்கள் தப்பிய இடங்களைத் தேடிப்போனால் பல நேரம் அவர்கள்தான் எதிர்ப்படுகிறார்கள்.

நடந்ததை முதலில் சொல்லிவிட வேண்டும். 1915 ஏப்ரல் 24 இரவில் இஸ்தான்புல்லின் ஆர்மீனிய எழுத்தாளர்கள், பத்திரிகையாளர்கள், மருத்துவர்கள், அரசியல் தலைவர்கள் என 200க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. ராணுவத்தில் இருந்த ஆர்மீனிய இளைஞர்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. உழைப்புப் பட்டாளங்களாக மாற்றப்பட்ட அவர்களில் பலர் கொல்லப்பட்டார்கள். ஊர் ஊராக ஆண்களைப் பிரித்துக் கொன்ற பிறகு பெண்கள், குழந்தைகள், முதியவர்களை சிரியப் பாலைவனத்தின் டெய்ர் எஸ்-சோர் நோக்கி நடத்திச் சென்றார்கள். பசியாலும் நோயாலும் வழியில் செத்தவர்கள் போக, மிஞ்சியவர்களில் பெரும்பகுதியினர் 1916இல் அங்கேயே வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மாண்டவர்கள் 6 லட்சம் முதல் 15 லட்சம் வரை என்று மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. 10 லட்சத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அதே ஆண்டுகளில் சிரியாக், அசிரியக் கிறிஸ்தவர்களும் பெருமளவில் அழிக்கப்பட்டார்கள். அவர்களுடைய சாவு ஆர்மீனியர்களின் சாவைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது என்பதும் வருத்தத்துக்குரியது.

இந்தப் பேரழிவு மேலிருந்து உத்தரவாக வந்தது. உள்துறை அமைச்சர் தலாத் பாஷாவின் தந்திகள் மாகாண ஆளுநர்களுக்கும் கோட்ட அதிகாரிகளுக்கும் போய்க்கொண்டே இருந்தன. அந்த உத்தரவைக் கையில் வாங்கிய முஸ்லிம் அதிகாரிகளில் எல்லோரும் அதை நிறைவேற்றிவிடவில்லை. அலெப்போவின் ஆளுநராக இருந்த மெஹ்மத் ஜெலால் பே ஆர்மீனியர்களைத் துரத்துவதை எதிர்த்தார். அவரைக் கொன்யாவுக்கு மாற்றினார்கள். அங்கேயும் அவர் வளையவில்லை. ரயில் பெட்டி இல்லை என்பது போன்ற சாக்குகளைச் சொல்லி, தன் பகுதிக்கு வந்துசேர்ந்த ஆயிரக்கணக்கானோரை அனுப்பாமல் நிறுத்திவைத்தார். 1915 அக்டோபர் வாக்கில் அவரைப் பதவியிலிருந்து நீக்கிய பிறகுதான் கொன்யாவில் வெளியேற்றம் முழுவீச்சில் நடந்தது. அங்காராவின் ஆளுநர் மஸ்ஹர் பேயும் மறுத்தார். அவரை நீக்கி வேறொருவரை அமர்த்திய பிறகு அங்கிருந்த கத்தோலிக்க ஆர்மீனியர்கள்கூட விடப்படவில்லை. குட்டாஹ்யாவில் அதிகாரியாக இருந்த கவிஞர் ஃபாயிக் அலி மட்டும் கடைசிவரை தாக்குப்பிடித்தார், அவ்வூர் ஆர்மீனியர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். தியார்பக்கிர் மாகாணத்தின் லிஜே வட்டாட்சியர் ஹுசெயின் நெசிமி மறுத்ததற்குத் தன் உயிரையே கொடுத்தார். மேலதிகாரி அழைக்கிறார் என்று வரச் சொல்லி வழியிலேயே கொன்றுவிட்டார்கள். டெய்ர் எஸ்-சோரில் அலி சுவாத் என்ற அதிகாரி இருந்தவரை அகதிகளுக்கு ஓரளவு நிழல் கிடைத்தது. 1916இல் அவரை மாற்றி சாலிஹ் செக்கியை அனுப்பிய பிறகுதான் பாலைவனத்தின் மாபெரும் படுகொலை நிகழ்ந்தது. ஆள் மாறியதும் ஊரின் விதி மாறியது என்பதை இத்தனை இடங்களில் பார்த்த பிறகு, யார் எதிர்த்திருந்தாலும் நடப்பது நடந்தே தீர்ந்திருக்கும் என்று சொல்வது உண்மைக்குப் பொருந்தாது.

துருக்கியின் கூட்டாளியான ஜெர்மனியின் கதை இதே பாடத்தை மறுபக்கத்திலிருந்து காட்டுகிறது. ஜெர்மன் தூதரக அதிகாரிகள் ஊர்களிலிருந்து பெர்லினுக்கு விரிவாக எழுதிக்கொண்டிருந்தார்கள். தெரியாது என்று சொல்ல அரசுக்கு வழியே இல்லை. தூதர் வோல்ஃப்-மெட்டர்னிஹ் 1915 டிசம்பரில், இதைப் பகிரங்கமாகக் கண்டிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். சான்சலர் பெத்மன் ஹோல்வெக் மறுத்தார். ஆர்மீனியர்கள் அழிந்தாலும் அழியாவிட்டாலும் போர் முடியும்வரை துருக்கி நம் பக்கம் இருக்க வேண்டும், அது ஒன்றே நம் குறி என்ற பொருளில் அவர் எழுதிவைத்த குறிப்பு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஜெர்மன் போதகர் யோஹன்னஸ் லெப்சியுஸ் இஸ்தான்புல்லுக்கே போய் போர் அமைச்சர் என்வர் பாஷாவைச் சந்தித்து மன்றாடினார். பலனில்லாமல் ஊர் திரும்பி, 1916இல் விரிவான அறிக்கை ஒன்றை அச்சிட்டு அஞ்சலில் அனுப்பினார். ராணுவத் தணிக்கை அதைத் தடைசெய்தது. அதே ஆண்டு ஜனவரியில் கார்ல் லீப்க்னெஹ்ட் என்ற உறுப்பினர் ஜெர்மன் நாடாளுமன்றத்தில் ஆர்மீனியர்களைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். மேலே பேசவிடாமல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் 1916 நவம்பரில் ஸ்மிர்னாவில், அதாவது இன்றைய இஸ்மிரில், ஆர்மீனியர்களை வெளியேற்றத் தொடங்கியபோது, அங்கே படைத்தளபதியாக இருந்த ஜெர்மன் ஜெனரல் லிமன் வான் சாண்டர்ஸ் குறுக்கே நின்றார். தொடர்ந்தால் படையை வைத்துத் தடுப்பேன் என்று ஆளுநரிடம் சொன்னார், வெளியேற்றம் நின்றது. அவர் சொன்ன காரணம் ராணுவப் பாதுகாப்பு. கருணையால் செய்தாரா என்று நான் வாதாட வரவில்லை. கூட்டாளி உறுதியாகப் பேசினால் துருக்கி அரசு கேட்டது என்பதற்கு ஸ்மிர்னா சாட்சி. பெர்லின் பேசாதிருந்தது இயலாமையால் அல்ல.

முஸ்லிம் உலகத்திலிருந்து குரலே எழவில்லை என்று சிலர் எழுதுவது பிழை, அநியாயமும்கூட. துருக்கியின் மேல்சபையில் அகமத் ரிசா என்ற செனட்டர் 1915 இறுதியில் எழுந்து நின்றார். துரத்தப்பட்டவர்களின் வீடு, நிலங்களைக் 'கைவிடப்பட்ட சொத்து' என்று அரசு எடுத்துக்கொள்ளும் சட்டத்தை அவர் எதிர்த்தார். அவர்களாக விட்டுப்போகவில்லை, விரட்டப்பட்டார்கள் என்று சபையிலேயே வாதிட்டார். போர்க்காலத்தில், ஆளும் கட்சியின் கெடுபிடிக்கு நடுவில் அதைச் சொல்ல எத்தனை துணிச்சல் வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அரேபிய வழக்கறிஞர் ஃபாயிஸ் அல்-குசைன், தியார்பக்கிர் சிறையில் இருந்தபோது கண்டதையும் கேட்டதையும் 1916இல் அரபு நூலாக வெளியிட்டார். இந்தக் கொலைகளின் பழி இஸ்லாத்தின் மீது விழக்கூடாது, செய்தவர்கள் மீதே விழ வேண்டும் என்பது அவர் எழுதியதன் நோக்கங்களில் ஒன்று. போரின் பிற்பகுதியில் மக்காவின் ஷெரீஃப் ஹுசைன், தன் பகுதிகளுக்கு வந்துசேர்ந்த ஆர்மீனியர்களை உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் காப்பதுபோலக் காக்க வேண்டும் என்று தன் மக்களுக்கு ஆணை அனுப்பினார். சிரியாவின் அரபுக் குடும்பங்கள் பலவற்றில் ஆர்மீனியக் குழந்தைகள் அடைக்கலம் பெற்று வளர்ந்தார்கள். ஆர்மீனியர் படுகொலையை முஸ்லிம்கள் மீதான வெறுப்புக்கு எரிபொருளாக்குவோர் இந்த மனிதர்களை மறைத்துத்தான் தங்கள் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தப் படுகொலையையே எதிரி நாடுகள் கட்டிவிட்ட போர்க்காலப் பிரச்சாரம் என்று மறுப்பவர்கள் உண்டு. பிரிட்டன் 1916இல் பிரைஸ் பிரபுவையும் ஆர்னால்ட் டாயின்பீயையும் கொண்டு வெளியிட்ட ஆவணத் தொகுப்பை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அந்தத் தொகுப்பை அரசு பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தியது உண்மைதான். ஆனால் பிரிட்டிஷ் ஆவணம் ஒன்றைக்கூடத் தொடாமல், துருக்கியின் நண்பனாக இருந்த ஜெர்மனியின் தூதரகக் கடிதங்களை மட்டும் வைத்தே இந்தக் கொலைகளை நிறுவ முடியும். போதாதென்றால் 1919இல் இஸ்தான்புல்லில் துருக்கியர்களே நடத்திய ராணுவ நீதிமன்றம் இருக்கிறது. அதற்கான விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், முன்பு அங்காராவில் உத்தரவை மறுத்த அதே மஸ்ஹர் பே. அந்த நீதிமன்றம் தலாத், என்வர் முதலானோருக்கு அவர்கள் இல்லாத நிலையிலேயே மரண தண்டனை விதித்தது. ஆர்மீனியர்கள் ரஷ்யாவோடு சேர்ந்து கலகம் செய்தார்கள், வான் நகரில் ஆயுதம் எடுத்தார்கள் என்பது அடுத்த வாதம். அந்நகரில் ஆயுதம் எடுத்தது உண்மை. போர்முனைக்கு வெகுதூரத்தில், பூர்சாவிலும் அங்காராவிலும் இருந்த கைக்குழந்தைக்காரிகள் எந்தக் கலகத்தில் சேர்ந்தார்கள் என்று இந்த வாதம் சொல்வதில்லை.

பேசினால் நிலைமை மோசமாகும், மௌனமாகத் தூதாண்மை செய்வதே நல்லது என்ற வாதத்தை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். அமெரிக்கத் தூதர் ஹென்றி மோர்கெந்தாவ் தலாத்திடம் நேரில் பலமுறை மன்றாடியும் கொலைகள் நிற்கவில்லை. போப் பதினைந்தாம் பெனடிக்ட் 1915 செப்டம்பரில் சுல்தானுக்கு எழுதிய கடிதமும் வெள்ளத்தைத் தடுக்கவில்லை. அயல்நாட்டுத் தூதர்களின் நெருக்குதலால் அதே ஆண்டு ஆகஸ்டிலேயே கத்தோலிக்கர்களுக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் விலக்கு தரும் உத்தரவுகள் போயிருந்தன. பல ஊர்களில் அவை தாமதமாகச் சேர்ந்தன, அல்லது மதிக்கப்படவில்லை. ஆயினும் மோர்கெந்தாவ் 1915 ஜூலையில் ஓர் இனத்தையே அழிக்கும் முயற்சி நடக்கிறது என்று வாஷிங்டனுக்குத் தந்தி அடித்ததும், விடாமல் எழுதியதும் வீணாகவில்லை. அதிலிருந்து எழுந்த நிவாரண அமைப்பு, பின்னாளில் 'நியர் ஈஸ்ட் ரிலீஃப்' என்ற பெயரில் 1,30,000க்கும் மேற்பட்ட அநாதைக் குழந்தைகளைப் பராமரித்தது. பேசியதால் கொலை கூடியது என்பதற்கு வலுவான ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. பேசாத இடத்தில் கொலை குறைந்ததற்கும் பார்த்ததில்லை.

மேற்கு நாடுகளின் அக்கறையே பாசாங்கு என்ற குற்றச்சாட்டில் நிறைய நியாயம் உண்டு. 1923இல் துருக்கியோடு லோசான் சமாதான ஒப்பந்தம் எழுதியபோது 1915 மே மாத எச்சரிக்கை யாருக்கும் நினைவில் இல்லை. பொது மன்னிப்பு வழங்கிவிட்டு எல்லோரும் எண்ணெயையும் எல்லையையும் பற்றிப் பேசினார்கள். இது என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. தூரத்து வல்லரசின் கண்டனம் அதன் ஆதாயம் தீர்ந்ததும் தீர்ந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரன், அதே ஊர் அதிகாரி, அதே மதத்தைச் சேர்ந்த அறிஞன் எழுப்பும் குரலுக்கு ஆதாயம் இல்லை, நட்டம்தான் உண்டு. அதனால்தான் அது நம்பப்படுகிறது.

நமக்கும் இதற்கும் என்ன என்று தமிழ் வாசகர் கேட்கலாம். சென்னையில் அரண்மனைக்காரன் தெரு என்று வழங்கும் ஆர்மீனியன் தெருவில் 1772இல் எழுந்த ஆர்மீனியத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. பரங்கிமலைப் படிக்கட்டையும் சைதாப்பேட்டையின் பழைய மர்மலாங் பாலத்தையும் கட்டுவித்தவர் ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான். உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794இல் அச்சானது இஸ்தான்புல்லில் அல்ல, சென்னையில். ஒரு மக்கள் நம் ஊரில் அச்சுக்கூடம் வைத்து அச்சமின்றி எழுதினார்கள். 121 ஆண்டுகளுக்குப் பின் அதே மொழியில் எழுதியவர்களை அவர்களுடைய சொந்த நாட்டில் இரவோடு இரவாகப் பிடித்துப்போனார்கள்.

1943இல் தலாத் பாஷாவின் உடலை பெர்லினிலிருந்து கொண்டுவந்து துருக்கி அரசு மரியாதையோடு இஸ்தான்புல்லில் புதைத்தது. இன்றும் அவர் பெயரில் தெருக்கள் உண்டு. நடந்ததைத் துருக்கியில் இருந்துகொண்டே பேசிய ஆர்மீனியப் பத்திரிகையாசிரியர் ஹ்ராண்ட் டிங்க், துருக்கித்தன்மையை இழிவுபடுத்தியதாகத் தண்டிக்கப்பட்டு, 2007 ஜனவரி 19 அன்று தன் அலுவலக வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய இறுதி ஊர்வலத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர், பெரும்பாலும் துருக்கியர்கள், 'நாங்கள் எல்லோரும் ஆர்மீனியர்கள்' என்ற அட்டைகளை ஏந்தி நடந்தார்கள். ஜெர்மன் நாடாளுமன்றம் 2016இல் ஆர்மீனியர்களின் அழிப்பை இனப்படுகொலை என்று அறிவித்து, தன் நாட்டின் பங்குக்கும் வருத்தம் தெரிவித்தது. துருக்கி அரசு இன்னும் மறுக்கிறது. ஜெலால் பே, ஃபாயிக் அலி, ஹுசெயின் நெசிமி ஆகியோரின் பெயர்களையாவது அது தன் பள்ளிப் பாடநூல்களில் சேர்க்கட்டும். அவர்கள் அந்நியர்கள் அல்லர், அந்த அரசின் அதிகாரிகள்.