சர்க்கி தாத்ரி நடுவான் மோதல்

சர்க்கி தாத்ரி நடுவான் மோதல் என்பது 1996 நவம்பர் 12 அன்று இந்தியாவின் அரியானா மாநிலத்திலுள்ள சர்க்கி தாத்ரி நகருக்கு அருகில் இரு விமானங்கள் வானில் மோதிக்கொண்ட விபத்து ஆகும். இரண்டிலும் இருந்த 349 பேரும் உயிரிழந்தனர்.

அக்காலத்தில் தில்லிக்கு வரும் விமானங்களும் அங்கிருந்து புறப்படும் விமானங்களும் ஒரே வான்வழியையே பயன்படுத்தின. புறப்பட்டுச் சென்ற சவூதி அரேபிய போயிங் 747 விமானத்துக்கு 14,000 அடியும், இறங்கி வந்த கசக்கஸ்தான் இலியூசின் விமானத்துக்கு 15,000 அடியும் ஒதுக்கப்பட்டிருந்தன. எதிரே போயிங் வருவதைக் கட்டுப்பாட்டாளர் அறிவித்திருந்தும் இலியூசின் தனக்குரிய உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. அதில் வானொலியில் பேசியவர் விமானியல்லர். தமக்கென உயரமானி இல்லாத அவர், விமானிகளின் கருவியை எட்டிப் பார்த்தே உயரத்தை அறிய வேண்டியிருந்தது. தில்லி ராடாரோ உயரத்தைக் காட்டாத பழைய வகை.

நீதிபதி லகோத்தி ஆணையம் கசக்கஸ்தான் விமானக் குழுவினரே பொறுப்பு என்றது. பின்னர் தில்லியில் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனி வழிகள் அமைக்கப்பட்டன. இந்திய வான்பரப்பில் பறக்கும் பயணிகள் விமானங்களுக்கு மோதல் தவிர்ப்புக் கருவியும் கட்டாயமாயிற்று.