குண்டு விழுந்த எல்லை

முப்பத்தோரு வருஷம் சர்வேயராக வேலை பார்த்தவன் நான். பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்குத் தலைநகர் கடலூர். அதனால் கலெக்டர் ஆபீசுக்குக் கோப்புக் கட்டோடு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். வேலை முடிந்ததும் அடுத்த பஸ்ஸில் விழுப்புரம் திரும்பிவிடுவேன். ஊரைச் சுற்றிப் பார்த்ததே இல்லை.

போன தை மாதம் என் மனைவி சிதம்பரம் போய் நடராஜரைப் பார்த்துவர வேண்டும் என்றாள். ரெண்டு நாள் ஒதுக்குவோம், முதல் நாள் கடலூர் என்று சொன்னேன்.

“கடலூர்ல என்னங்க இருக்கு பார்க்க?”

“குண்டு சாலை இருக்கு, வா” என்றேன்.

காலை ரயிலில் திருப்பாதிரிப்புலியூரில் இறங்கினோம். பாடலீசுவரரைத் தரிசித்து, பாதிரி மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். ஒரு காலத்தில் இது சமணர்களின் பெரிய கல்வித் தலம். சர்வநந்தி என்ற முனிவர் ‘லோகவிபாகம்’ என்ற நூலை இங்கேதான் எழுதினார், அது கி.பி. 458, காஞ்சியில் பல்லவன் சிம்மவர்மன் ஆண்ட காலம். பிறகு வந்த நாவுக்கரசர், சமணராக இருந்து சைவத்துக்குத் திரும்பியவர். கல்லில் கட்டிக் கடலில் போட்டும் அவர் மிதந்து வந்து கரை சேர்ந்த இடம் என்று இந்த ஊரார் காட்டும் இடத்துக்குக் கரையேறவிட்டகுப்பம் என்று பெயர். சமணப் பள்ளி இருந்த சுவடு கண்ணுக்குத் தெரியவில்லை. குப்பத்தின் பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

மஞ்சக்குப்பம் பக்கம் ஆட்டோவில் போகும்போது குண்டு சாலையைக் காட்டினேன். வடக்கே போனால் குண்டு உப்பலவாடி என்று ஒரு கிராமம். ரெவின்யூ கணக்கில் அந்தப் பெயரை நான் முதல் தடவை பார்த்தது வேலைக்குச் சேர்ந்த புதிதில். மற்ற ஊர்ப் பெயருக்கு முன்னால் கீழ், மேல், பெரிய, சின்ன என்று வரும். இதென்ன குண்டு என்று என் மேலதிகாரியிடம் கேட்டேன். “பீரங்கிக் குண்டு தம்பி. உன் சங்கிலிக்கு முன்னாடி இந்த ஊரை அதுதான் அளந்துச்சு” என்றார். அன்றிலிருந்து அந்தக் கதையைத் தேடித் தேடிப் படித்தேன்.

1690-ஆம் வருஷம். செஞ்சிக் கோட்டையில் மராட்டிய மன்னர் ராஜாராம் இருக்கிறார். அவருடைய அண்ணன் சம்பாஜியை முந்தின வருஷம்தான் முகலாயர்கள் கொன்றிருந்தார்கள். அவுரங்கசீப்பின் படை செஞ்சியை முற்றுகையிட வந்துகொண்டிருந்தது. போருக்குப் பணம் வேண்டும். அப்போது சென்னையில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். கெடிலம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை அவர் விலை பேசினார். கோட்டையோடு சேர்ந்து எவ்வளவு நிலம் வரும்? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அவ்வளவு தூரமும் கும்பினிக்கு. இதுதான் ஒப்பந்தம்.

செப்டம்பரில் சென்னையிலிருந்து நல்ல பித்தளைப் பீரங்கி ஒன்றையும், சுடத் தெரிந்த ஆளையும் அனுப்பிவைத்தார்கள். குண்டு தூரம் போவது சுடுகிறவன் திறமையில் இருக்கிறது என்று சென்னைக் கவுன்சில் எழுதியே அனுப்பியது. பல திசையிலும் சுட்டார்கள். பழைய கடலூரும் சுற்றுக் கிராமங்களும் அந்த எல்லைக்குள் வந்துவிட்டன. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது.

இந்த இடத்தில் என் தொழில் சம்பந்தமாக ஒன்று சொல்ல வேண்டும். எட்மண்ட் குண்டர் என்ற ஆங்கிலேயர் அறுபத்தாறு அடி நீளத்தில் நூறு கண்ணி கொண்ட அளவுச் சங்கிலியை 1620-லேயே செய்துவிட்டார். எங்கள் பழைய புலப்படங்கள் எல்லாம் அந்தச் சங்கிலிக் கணக்குதான். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர், பிசகே வராது. அந்தச் சங்கிலி கைக்கு வந்து எழுபது வருஷம் கழித்தும் அவர்கள் நிலத்தை அளக்கப் பீரங்கியை எடுத்தார்கள். சங்கிலி பிடித்தால் ரெண்டு பக்கத்து ஆளும் நின்று பார்ப்பான், தகராறு செய்வான், கையெழுத்துப் போடுவான். குண்டோடு யாரும் தகராறு செய்ய முடியாது. அந்த எல்லைக்குள் உழுதவன், வலை காயப்போட்டவன், தறி நெய்தவன் யாரையும் யாரும் கேட்கவில்லை. ஒரு சென்ட் தகராறுக்காக மூன்று நாள் வெயிலில் நின்றவன் நான். எனக்கு இது பொறுக்கவில்லை, இன்றைக்கும்.

யேலின் பெயர் எங்கே போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1718-ல் அவர் அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகங்களும் அனுப்பினார். சரக்கு விற்று 562 பவுன் கிடைத்தது. அதுதான் யேல் பல்கலைக்கழகம்.

அவர் வாங்கிய கோட்டைக்கு செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்தார்கள். 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும், தென்னிந்தியாவில் கும்பினிக்கு இதுவே தலைமையிடம் ஆயிற்று. 1752 வரை அப்படியே இருந்தது. 1756-ல் ராபர்ட் கிளைவ் இதன் கவர்னர். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை பிடித்து இடித்துத் தள்ளியது. நாங்கள் போனபோது ஆற்றோரம் புதர் மண்டிய செங்கல் சுவர்தான் மிச்சம். கடற்கரையில் பையன்கள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் சிதம்பரம் ரயில். வழியில் பரங்கிப்பேட்டை வந்தது. போர்த்துக்கீசியர் வந்திறங்கிய ஊர், பரங்கியர் என்ற பெயரை இன்னும் தாங்கி நிற்கிறது.

கோயிலுக்குள் கீழ வீதி வழியாகப் போனோம். பொற்கூரையைப் பார்த்துக் கும்பிட்டோம். பிறகு வெளி மதிலோரமாக நடந்தேன். இந்த மதில் ஒரு காலத்தில் கோட்டைச் சுவர். கர்நாடகப் போர்களில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறி மாறி இதற்குள் படையை வைத்தார்கள். 1781-ல் உள்ளே இருந்தது ஹைதர் அலியின் படை. தானியமும் சேர்த்து வைத்திருந்தது. ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் கடலூரிலிருந்து கிளம்பி வந்து ஜூன் 18-ஆம் தேதி தாக்கினார். மதிலைத் தாண்ட முடியாமல் ஆட்களை இழந்து பின்வாங்கினார். பதின்மூன்று நாள் கழித்து, ஜூலை 1-ஆம் தேதி, பரங்கிப்பேட்டையில் ஹைதரை வென்றது வேறு கதை. முதல் நாள் நான் பார்த்த ஊரிலிருந்து கிளம்பிய குண்டு மறுநாள் நான் கும்பிட்ட கோயில் வாசல்வரை வந்திருக்கிறது.

போருக்குப் பயந்து சாமியே ஊரை விட்டுப் போன கதையும் இங்கே உண்டு. பீஜப்பூர்ப் படை தெற்கே இறங்கிய காலத்தில், 1648 டிசம்பர் 24-ல் நடராஜரை வெளியே எடுத்துப் போனார்கள். குடுமியான்மலையிலும் மதுரையிலும் வைத்திருந்து, 1686 நவம்பர் 14-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். செப்பேட்டில் இருக்கிறது. கிட்டத்தட்ட முப்பத்தெட்டு வருஷம் அம்பலம் வெறுமையாக இருந்தது. திரும்ப வரச் செய்தது சம்பாஜியின் ஆட்சி. நாலு வருஷம் கழித்துக் கடற்கரையை விற்றது தம்பி ராஜாராமின் ஆட்சி. இதைச் சொன்னதும் என் மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. “அத்தனை வருஷம் இந்த ஊர் ஜனம் எதைப் பார்த்துக் கும்பிட்டிருக்கும்?” என்று மட்டும் கேட்டாள்.

மத்தியானம் கொத்சு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பிச்சாவரம் போனோம். படகுக்காரர் ஒரு மரத்தைக் காட்டி, “பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும், தொடாதீங்கம்மா” என்றார். அதுதான் தில்லை. சிதம்பரத்துக்கே தில்லை என்ற பழைய பெயரைக் கொடுத்த மரம். சிதம்பரத்துக்குள் அந்தக் காடு அழிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது; உப்பங்கழியில்தான் இருக்கிறது.

எல்லைக்கல்லைப் பிடுங்குகிறவர்களை நிறையப் பார்த்தவன் நான். கடலூர்க்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்ற பெயர்களை நாகரிகமாக இல்லை என்று யாராவது மாற்றச் சொன்னால் விடாதீர்கள். அந்தச் சாலை ஓரத்தில் ஒரு கல் நட்டு, 1690 செப்டம்பரில் என்ன நடந்தது என்று தமிழில் எழுதி வையுங்கள். அளந்து கல் நட ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.