குறுக்குக் கோடு

மழைக்காலத்தில் ஹட்டன் புகையிரத நிலையத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு, "கோச்சி கென்சலாம்!" என்பது. எங்கோ மண்மேடு சரிந்திருக்கும். அறிவிப்பில் அதுவே 'இரத்து' என்றாகும். நேயர்களே, இரண்டுமே தமிழ்ச் சொற்கள் அல்ல. இரத்து அரபு வழி வந்தது. திருப்பிவிடுதல், மறுத்தல் என்பது அதன் மூலப்பொருள். கென்சலின் கதை இன்னும் சுவையானது.

இலத்தீனில் 'கான்செல்லி' என்றால் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டமிட்ட கிராதி. ஒரு பத்திரம் செல்லாது என்றால் எழுத்தர் அதன்மேல் கிராதி போலக் கோடுகள் இழுத்துவிடுவார். அந்தக் கோட்டின் பெயரே பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது. பயணத்தையும் கூட்டத்தையும் கைவிடுவதற்கு அச்சொல் ஆகிவந்தது பிற்காலத்தில்தான். நீதிமன்றக் கிராதியருகே நின்ற வாயிற்காவலன் 'சான்சலர்' ஆனான். பல்கலைக்கழக வேந்தருக்கு அவனே மூதாதை!

கோட்டின் கீழ் எழுத்து அழிவதில்லை, வாசிக்கலாம். ஓலையைக் கிழித்தால்? பெரியபுராணத்தில் புத்தூர்த் திருமணப் பந்தலில் அடிமையோலை நீட்டிய முதியவரிடமிருந்து அதைப் பறித்துக் கிழித்தார் சுந்தரர். திருமணம் நின்றதே தவிர வழக்கு நிற்கவில்லை. கிழிந்தது படியோலை, திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் மூலவோலை வெளிவந்தது.

எழுத்தின் வலிமையை மலையகத்தார்க்குச் சொல்லவேண்டியதில்லை. தோட்டத்தில் ஒருநாட் சம்பளத்துக்கே 'பேர்' என்றுதான் பெயர்; கொழுந்து குறைந்தால் 'அரைப் பேர்'. பேர் வெட்டினால் வேலையே போயிற்று.

1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. அவர்களைக் கேட்டு எழுதிய ஒப்பந்தமல்ல அது. பலர் பெட்டி கட்டிப் போனார்கள். 1984 இல் யுத்தத்தினால் தலைமன்னார் – இராமேசுவரம் கப்பல் நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டு வாங்கியும் லயத்திலேயே தங்கிவிட்டவர்கள் உண்டு. ஏடு அவர்களை அந்நாட்டார் என்றது. கால் இந்நாட்டில் நின்றது. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே, அவர்கள் ஒரு பிரகடனம் எழுதிக் கொடுத்து இலங்கைப் பிரசையாக வழி பிறந்தது.

இந்தப் பாடத்தை வகுப்பில் சொன்ன மறுநாள் மாணவியொருத்தி தன் பாட்டியாரின் பழைய கடவுச்சீட்டைக் கொண்டுவந்து காட்டினாள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். எங்கும் குறுக்குக் கோடு இல்லை. பிரயாண முத்திரையும் இல்லை.