பருவகால அனுமதியும் பிரிந்த குடும்பங்களும்: சுவிற்சர்லாந்தின் வதிவிடச் சட்டம் பற்றிய ஒரு நோக்கு

அந்நியர் ஒருவர் ஒரு நாட்டினுள் நுழைவதற்குப் பெறும் அனுமதி வேறு. அங்குத் தங்கி வாழ்வதற்குப் பெறும் அனுமதி வேறு. முன்னையது கடவுச்சீட்டில் இடப்படும் முத்திரையோடு முடிந்துவிடும். பின்னையதோ அவர் எத்தொழிலைச் செய்யலாம், எவ்விடத்தில் வசிக்கலாம், மனைவி மக்களுடன் கூடி வாழலாமா என்பனவற்றையெல்லாம் வரையறை செய்கின்றது. இவ்வுண்மையை இருபதாம் நூற்றாண்டின் சுவிற்சர்லாந்து வரலாறு தெளிவாக எடுத்துக்காட்டுகின்றது.

முதலாம் உலகப்போருக்கு முன்னர் அந்நாட்டிற் குடியேறுதல் பெருஞ் சிக்கலாக இருக்கவில்லை. அயல்நாடுகளுடன் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கைகளின்படி அந்நாட்டவர் அங்குச் சென்று தொழில் செய்து வாழ முடிந்தது. 1910ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்போது மக்கள் தொகையில் 15 வீதத்தினர் அளவில் பிறநாட்டவராயிருந்தனர். போர் இந்நிலையை மாற்றியது. 1917இல் அந்நியரைக் கண்காணிப்பதற்கெனக் கூட்டாட்சி அரசு ஒரு பொலிசுப் பிரிவை நிறுவியது. 1925இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டு, அந்நியரின் வதிவிடம் பற்றிச் சட்டமியற்றும் அதிகாரம் கூட்டாட்சிக்கு வழங்கப்பட்டது. இதன் பயனாக 1931இல் இயற்றப்பட்டு 1934இல் நடைமுறைக்கு வந்ததே அந்நியரின் வதிவிடம் பற்றிய சட்டமாகும். அனுமதி வழங்குவோர் நாட்டின் பொருளாதார நலனுடன் ‘அந்நியர் மிகை’யின் அளவையும் கருத்திற் கொள்ளவேண்டும் என அச்சட்டம் விதித்தமை ஈண்டு நோக்கற்பாலது.

இச்சட்டத்தின் கீழ் அனுமதிகள் எழுத்துகளாற் குறிக்கப்பட்டன. ‘சி’ நிலையான குடியிருப்புக்கும், ‘பி’ ஆண்டு அனுமதிக்கும், ‘ஏ’ பருவகாலத் தொழிலாளருக்கும் உரியன. ‘ஏ’ அனுமதி பெற்றவர் ஆண்டில் ஒன்பது மாதங்களுக்கு மேல் தங்க முடியாது. எஞ்சிய மூன்று மாதங்களைச் சொந்த நாட்டிற் கழித்தல் வேண்டும். தொழில் வழங்குநரைத் தம் விருப்பப்படி மாற்ற இயலாது. குடும்பத்தை அழைத்துவரும் உரிமை அறவே இல்லை.

இரண்டாம் உலகப்போரின் பின்னர் இவ்வனுமதியின் தேவை பெருகிற்று. போரினால் அழிவுறாத சுவிற்சர்லாந்தின் தொழில்கள் விரைந்து வளர்ந்தன. 1948இல் இத்தாலியுடன் ஆட்சேர்ப்பு உடன்படிக்கை ஒன்று செய்யப்பட்டது. கட்டட வேலைக்கும் விடுதிகளுக்கும் வேளாண்மைக்கும் இத்தாலியர் வந்து சேர்ந்தனர். எல்லை நிலையங்களில் அவர்கள் வரிசையாக நிறுத்தப்பட்டு மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை, ஐந்து ஆண்டுகளில் 45 மாதங்கள் உழைத்தவருக்கு ஆண்டு அனுமதி பெற வழிசெய்தது. எனினும் ஒவ்வோராண்டும் ஒன்பது மாதங்கள் முழுமையாக வேலை கிடைத்தாலன்றி இக்கணக்கு நிரம்பாது. சில வாரங்கள் குறைந்தாலும் காத்திருப்பு நீண்டது.

இவ்விதிகளின் சுமை சிறுவர்மீதே கடுமையாக வீழ்ந்தது. பிள்ளைகளைப் பிரிய மனமில்லாத பெற்றோர் அவர்களை இரகசியமாக அழைத்து வந்தனர். வெளிப்பட்டால் நாடுகடத்தப்படலாம் என்னும் அச்சத்தால், ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பகல் முழுவதும் பூட்டிய அறைகளில் ஓசையின்றி இருந்தனர், பாடசாலைக்கும் செல்லவில்லை. வேறு பலர் பாட்டன் பாட்டியரிடமோ, எல்லைக்கு அப்பாலுள்ள சிறுவர் இல்லங்களிலோ விடப்பட்டனர்.

அந்நியர் எதிர்ப்பு அரசியல் இவ்வனுமதியை ஒழிக்க முற்படவில்லை என்பது சிந்திக்கத்தக்கது. ஒவ்வொரு மாநிலத்திலும் பிறநாட்டவரைப் பொதுவாக 10 வீதத்துக்கு மட்டுப்படுத்தக் கோரிய பிரேரணை 1970 யூன் 7ஆம் நாள் ஆண்கள் மட்டுமே பங்குகொண்ட வாக்கெடுப்பில் 54 வீதத்தினரால் நிராகரிக்கப்பட்டது. அப்பிரேரணையும் பருவகாலத் தொழிலாளரைத் தன் கணக்கிற் சேர்க்கவில்லை. குடும்பமின்றி வந்து போவோர் அதன் நோக்கில் அந்நியர் மிகைக்குக் காரணராகவில்லை. பருவகால முறையை ஒழிக்குமாறு வேண்டிய மற்றொரு பிரேரணை 1981இல் 84 வீதத்தினரால் நிராகரிக்கப்பட்டது. உழைப்பை ஏற்று, உழைப்பவரின் இல்லறத்தை ஏற்க மறுத்தமையே இம்முறையின் உட்பொருள் எனலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்துடனான தடையற்ற நடமாட்ட உடன்படிக்கை 2002 யூன் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபோதே பருவகால அனுமதி மறைந்தது. 1931ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 2008இல் புதிய சட்டம் பெற்றது. ஆயினும் அனுமதிகளை எழுத்துகளால் வகுக்கும் முறை நீடிக்கின்றது. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தொழிலுக்கு வருவோர் ஆண்டுத் தொகை வரம்புக்கு உட்பட்டவர். அவரும் பெரும்பாலும் தனித்தகைமை உடையவராயிருத்தல் வேண்டும். 1980களிலிருந்து புகலிடம் நாடிச் சென்ற இலங்கைத் தமிழரும் இவ்வெழுத்துகளின் பொருளை அறிவர். தற்காலிகமாக ஏற்கப்பட்டோருக்குரிய ‘எவ்’ அனுமதி பெற்றவர் குடும்பத்தை அழைப்பதற்கு இன்றும் காத்திருப்புக் காலமும் போதிய வருவாயும் நிபந்தனைகளாக உள்ளன.

அறைகளில் ஒளிந்து வளர்ந்தோர் சிலர் முதுமையை நெருங்கும் வேளையில், 2021இல், ஒரு சங்கமாக இணைந்து அரசு தம் துன்பத்தை ஏற்று மன்னிப்புக் கோரவேண்டும் என வற்புறுத்தத் தொடங்கினர். சட்டம் ஏடுகளிலிருந்து நீங்கிய பின்னரும் அதன் விளைவு மனிதர் வாழ்வில் நிலைத்திருக்கின்றது. எத்தனை பேருக்கு அனுமதி வழங்கப்பட்டது என்னும் கணக்கோடு, அவ்வனுமதி அவர்களை எவ்வாறு வாழவிட்டது என்பதையும் வரலாற்று மாணவர் ஆராய்தல் வேண்டும்.