பசையின் வரலாறு: மேசைப்பந்தாட்ட மட்டையில் ரப்பர் ஒட்டிய கதை

தமிழை "ஒட்டுநிலை மொழி" என்று வகைப்படுத்துவது மொழியியல் மாணவர் அனைவரும் முதல் பருவத்திலேயே கற்கும் செய்தி. இவ்வகைப்பாட்டிற்கு ஐரோப்பியர் வழங்கும் கலைச்சொல்லின் வேர், இலத்தீனில் பசையைக் குறிக்கும் சொல். இரண்டு பொருள்களைச் சேர்ப்பதோடு பசையின் வேலை முடிந்துவிடுகிறது, அதற்கெனத் தனிச் செயல் இல்லை என்ற எண்ணம் அவ்வுருவகத்தில் உறைந்திருக்கிறது. அவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை நான் உணர்ந்தது வகுப்பறையில் அன்று, விடுதியின் மேசைப்பந்தாட்ட அறையில்.

பழைய மட்டை ஒன்றுக்குப் புதிய ரப்பர் ஒட்ட விரும்பி, சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாங்கி வந்தேன். தடவிய சில நிமிடங்களில் ரப்பர் தாளின் விளிம்புகள் மேல்நோக்கி வளைந்தன. ஒருவாறு அழுத்தி ஒட்டி, மட்டையின் வடிவிற்கு வெட்டினேன். அன்று மாலை பந்து வழக்கத்தைவிட வேகமாகப் பாய்ந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், ரப்பர் சுருங்கி விளிம்பெங்கும் மரம் தெரிந்தது. மூடிய அறையில் அமர்ந்து ஒட்டியதற்குக் கூலியாகத் தலைவலியும் கிடைத்தது. என் கைப்பிழை என்றே கருதினேன். பின்னர் படித்தபோதுதான், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இவ்விளையாட்டின் உச்சத்தை ஆண்டது இதே விளைவுதான் என்று அறிந்தேன்.

அவ்வரலாற்றின் முன்கதை நம் நாட்டில் நிகழ்ந்தது. 1952-இல் உலகப் போட்டி பம்பாயில் நடைபெற்றது. அதுவரை பெரும்பாலோர் ஆடியது, சிறு முனைகள் கொண்ட மெல்லிய ரப்பர் ஒட்டிய மட்டையால். ஜப்பானின் ஹிரோஜி சாத்தோ தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய மட்டையுடன் வந்தார். பந்து அதில் படும் ஓசை எதிராளிக்குக் கேட்கவில்லை. ஓசையைக் கொண்டு அடியின் வலிமையைக் கணித்துப் பழகியவர்கள் தடுமாறினர். இறுதியாட்டத்தில் ஹங்கேரியின் யோசெஃப் கோசியானை வென்று, ஆடவர் ஒற்றையர் பட்டம் பெற்ற முதல் ஆசியரானார் சாத்தோ. 1930களில் இவ்விளையாட்டைத் தன் கைக்குள் வைத்திருந்த ஹங்கேரிக்கு அது பெரும் இழப்பு.

அடுத்த சில ஆண்டுகள் மட்டையைப் பற்றிய வாதங்களிலேயே கழிந்தன. 1959-இல் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஓர் எல்லை வகுத்தது: வெறும் ஸ்பாஞ்ச் கூடாது, அதன்மேல் ரப்பர் தாள் இருக்கவேண்டும், மொத்தத் தடிமன் 4 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. இன்றைய விதிநூல் இந்த 4 மில்லிமீட்டரைப் பசையையும் உட்படுத்தியே கணக்கிடுகிறது. அதாவது, தடிமன் பற்றிய விதியின் பார்வையில் பசை என்பது இடத்தை அடைத்துக்கொள்ளும் ஒரு படலம் மட்டுமே. அது ரப்பரின் இயல்பையே மாற்றக்கூடும் என்பதை இந்த அளவுகோலால் காணமுடியாது.

அந்த இடைவெளியில்தான் 1970களின் கண்டுபிடிப்பு நுழைந்தது. ஹங்கேரியின் டிபோர் கிளாம்பார், யூகோஸ்லாவியாவின் டிராகுடின் ஷூர்பெக் ஆகிய இருவரின் பெயரோடு இணைத்து இது பரவலாகச் சொல்லப்படுகிறது. சைக்கிள் டயர் ஒட்டும் பசையால் ரப்பரை ஒட்டியவுடன் ஆடினால், பந்து கூடுதல் வேகமும் சுழற்சியும் பெறுவதை அவர்கள் கண்டனர். காரணம் எளிது. பசையிலுள்ள கரைப்பான் ஸ்பாஞ்சின் நுண்ணறைகளுக்குள் புகுந்து அதை விரியச் செய்கிறது. மேலேயுள்ள ரப்பர் தாள் அந்த அளவிற்கு விரிவதில்லை. எனவே தாள் வளைகிறது. வளைந்ததைத் தட்டையான மரத்தில் அழுத்தி ஒட்டும்போது மேல்தாள் முரசுத் தோல்போல இழுபடுகிறது. கரைப்பான் ஆவியானதும் விறைப்பு தளர்ந்துவிடும். ஆகவே ஒவ்வோர் ஆட்டத்திற்கு முன்பும் உரித்து, மீண்டும் ஒட்டவேண்டும். 1979-இல் பியோங்யாங்கில் சீனாவை வென்று உலக அணிப் பட்டத்தை மீட்ட ஹங்கேரி அணியில் கிளாம்பாரும் இருந்தார். பம்பாயில் ஸ்பாஞ்சால் தோற்ற நாடு, அந்த ஸ்பாஞ்சையே பசையால் விரித்து ஆடக் கற்றிருந்தது.

இதற்குக் கொடுத்த விலையை வெற்றிப் பட்டியல்களில் காணமுடியாது. டொலுயீன் போன்ற கரைப்பான்களின் ஆவி நரம்பு மண்டலத்தைத் தாக்கவல்லது. உலக வீரரைப் பார்த்துச் சிறுவரும் அதே பசையைத் தடவினர். நாள்தோறும், பெரும்பாலும் காற்றோட்டமற்ற அறைகளில். 1990களில் நச்சு மிகுந்த சில கரைப்பான்கள் விலக்கப்பட்டன. மாற்றுக் கரைப்பான்களோடு பழக்கம் தொடர்ந்தது. பெய்ஜிங் ஒலிம்பிக் முடிந்த பின், 2008 செப்டம்பர் 1 முதல், ஆவியாகும் கரிமக் கரைப்பான்கள் கொண்ட பசைகள் முற்றிலும் தடைசெய்யப்பட்டன.

இப்போது வழக்கிலிருப்பது நீரை அடிப்படையாகக் கொண்ட ரப்பர்ப்பால் பசை. அதன் முறை வேறு. ஸ்பாஞ்சிலும் மரத்திலும் மெல்லிய சீரான படலமாகத் தடவவேண்டும். பால்வெண்மை மறைந்து கண்ணாடிபோல் தெளியும் வரை பொறுத்திருக்கவேண்டும். பிறகு கைப்பிடிப் பக்கத்திலிருந்து தொடங்கி, காற்றுக் குமிழ் தங்காமல், உருளையால் மெதுவாக அழுத்திச் செல்லவேண்டும். ஈரம் உலராமல் ஒட்டினால் பிடிப்பு இராது. இந்தப் பசை ஒட்டுகிறது, அவ்வளவே, ரப்பரை விரிப்பதில்லை.

அப்படியானால் வேகம் எங்கே போயிற்று? தொழிற்சாலைக்குள் போயிற்று. தயாரிக்கும்போதே இழுவிசை ஏற்றப்பட்ட ரப்பர்கள் தடைக்கு முன்பே சந்தைக்கு வந்திருந்தன. தடைக்குப் பின் உயர்நிலை ஆட்டம் அவற்றையே பெரிதும் நம்பியது. முன்பு சாதாரண ரப்பரும் ஒரு டின் பசையும் தந்த வேகத்தை, இன்று விலையுயர்ந்த ரப்பராகவே வாங்கவேண்டியிருக்கிறது. உடல்நலம் காக்கப்பட்டது, அதில் ஐயமில்லை, தடை தேவையானதே. ஆனால் அதன் செலவு வசதி குறைந்த மாணவரின் தோளுக்கு மாறியதையும் வரலாறு குறித்துக்கொள்ளவேண்டும். ரப்பரை விரிக்கும் எண்ணெய்களைத் தடவுவது விதிக்குப் புறம்பு என்றாலும், அப்பழக்கம் ஒழியாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

சென்னையின் சரத் கமல் 2006-இல் மெல்போர்னிலும், தம் நாற்பதாம் வயதில் 2022-இல் பர்மிங்காமிலும் காமன்வெல்த் விளையாட்டின் ஒற்றையர் தங்கம் வென்றார். முதல் தங்கம் தடைக்கு முந்தையது, இரண்டாவது பிந்தையது. பதிவேட்டில் இரண்டும் ஒரே வகை வெற்றி. இடையில் பசை மாறியது, ரப்பர் மாறியது, செல்லுலாய்டு பந்து நெகிழிப் பந்தாயிற்று. பொருள்களின் வரலாற்றை விட்டுவிட்டு ஆட்டக்காரரின் வரலாற்றை எழுதினால், அவர் தம் கைகளை எத்தனை முறை புதிதாகப் பழக்கவேண்டியிருந்தது என்பது நமக்குத் தெரியாமலே போகும்.

1980, 90களில் பல்கலைக்கழக, மாநில அணிகளுக்கு ஆடியவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு வேண்டுகோள். எந்தப் பசையைப் பயன்படுத்தினீர்கள், எங்கே வாங்கினீர்கள், எந்த அறையில் அமர்ந்து ஒட்டினீர்கள் என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். பசை உலர்ந்துவிடும், டின்னையும் யாரும் பாதுகாப்பதில்லை. நம் நாட்டைப் பொறுத்தவரை இவ்வரலாற்றின் ஆவணக்காப்பகம் உங்கள் நினைவுதான்.