புதிதாக வந்தவர் கேட்ட கேள்வி

சங்கத்துக்கு ஆள் சேர்ப்பது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாக ஏறி இறங்கினால் நாற்பது பேர் சேர்ந்துவிடுவார்கள். மறு வருஷம் அந்த நாற்பதில் எத்தனை பேர் மிச்சம் என்று பார்க்கும்போதுதான் கணக்கு உதைக்கிறது. புது வாடிக்கை வந்தது லாபம் இல்லை, அவர் திரும்ப வந்தால்தான் லாபம் என்பது கடை வைத்திருக்கும் எவருக்கும் தெரியும்.

வந்தவர்கள் ஏன் போய்விடுகிறார்கள் என்ற கேள்விக்கு விடை தேடித்தான் தொண்டுச் சங்கங்களின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் தெரிந்துகொண்டதை இம்மலர் வாயிலாக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

தனிமையில் பிறந்த சங்கம்

உலகெங்கும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட ரோட்டரி இயக்கம், ஊர் விட்டு ஊர் வந்த ஒருவரின் தனிமையில் பிறந்தது. பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் வெர்மான்ட் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். 1896-ஆம் ஆண்டு சிகாகோவுக்குப் பிழைக்க வந்தார். பெருநகரத்தில் தொழில் அமைந்தது. ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. நம்மில் பலருக்கு இந்த அனுபவம் உண்டு, விளக்க வேண்டியதில்லை.

1905 பிப்ரவரி 23 அன்று நால்வர் கூடினார்கள். ஹாரிஸ், நிலக்கரி வியாபாரி சில்வெஸ்டர் ஷீல், சுரங்கப் பொறியாளர் கஸ்டவஸ் லோர், தையற்கடைக்காரர் ஹைரம் ஷோரி. கூடிய இடம் லோரின் அலுவலகம். அடுத்த கூட்டம் வேறொருவர் இடத்தில், அதற்கடுத்தது இன்னொருவர் இடத்தில் என்று சுற்றி வந்ததால்தான் ரோட்டரி, அதாவது சுழல்வது, என்று பெயர் வந்தது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கூட்டம் என் கடைக்கு வந்தால் அன்றைக்கு நான் விருந்தாளி இல்லை, வீட்டுக்காரன். மூலையில் ஒதுங்கி உட்கார முடியாது.

அதோடு முதற்பெயரால் கூப்பிடும் வழக்கம் வைத்தார்கள். அச்சகம் நடத்திய ஹாரி ரகிள்ஸ் என்பவர் கூட்டத்தில் எல்லோரையும் சேர்ந்து பாட வைத்தார். இன்று பார்த்தால் விளையாட்டாகத் தோன்றும். ஆனால் கூச்சத்தைப் போக்குவதற்கு இவையெல்லாம் நல்ல மருந்து.

கார்ட்டரின் மறுப்பு

1906-இல் அந்தச் சங்கத்துக்கு இரண்டே நோக்கங்கள்தாம் இருந்தன: உறுப்பினர்களின் தொழில் வளர்ச்சி, உறுப்பினர்களின் நட்பு. யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் கொடுத்தார்கள் என்று கணக்கு வைக்கவே ஒருவர் இருந்தார்! அந்த நிலையில் ஃபிரடரிக் ட்வீட் என்ற உறுப்பினர், டொனால்ட் கார்ட்டர் என்ற காப்புரிமை வழக்கறிஞரைச் சேரச் சொல்லி அழைத்தார். கார்ட்டர் சங்கத்தின் விதிகளைக் கேட்டுவிட்டு, தமக்குத்தாமே உதவிக்கொள்ளும் சங்கத்துக்கு எதிர்காலம் கிடையாது, ஊருக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்ற பொருளில் பேசி மறுத்துவிட்டார்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். "வந்து சேருவதற்கு முன்னாலேயே குறை சொல்கிறாரே, இவர் நமக்குச் சரிப்படமாட்டார்" என்று ட்வீட் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "நீங்கள் சொல்வதையே விதியாக எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டார். சிகாகோ நகரத்தின் நலனுக்கு உழைப்பது என்ற மூன்றாவது நோக்கம் விதிகளில் ஏறியது. கார்ட்டரும் உறுப்பினரானார். 1907-இல் அந்தச் சங்கம் பொதுமக்களுக்காக ஒரு கழிப்பிடம் கட்டவேண்டும் என்று மற்ற அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு முயற்சி தொடங்கியது. நகராட்சி மண்டபத்தின் அருகில் அது அமைந்தது. ரோட்டரியின் பொதுத்தொண்டு வரலாறு இப்படி ஒரு கழிப்பிடத்தில் தொடங்கியதை யாரும் மட்டமாக நினைக்க வேண்டாம். ஊருக்கு எது தேவையோ அதுதான் தொண்டு.

ஆக, ரோட்டரியைத் தொண்டுச் சங்கமாக்கியது அதை ஆரம்பித்த நால்வர் மட்டும் இல்லை. சேர மறுத்த புதியவரின் கேள்வியும், அதைக் காதில் வாங்கிக்கொண்ட பழையவரின் பெருந்தன்மையும் சேர்ந்துதான்.

லயன்ஸ் சங்கத்திலும் இதே கதை. மெல்வின் ஜோன்ஸ் முன்முயற்சியில் 1917-இல் தோன்றிய அவ்வியக்கத்தின் மாநாட்டில், 1925-ஆம் ஆண்டு ஓஹையோ மாநிலத்தின் சீடர் பாயின்ட்டில், ஹெலன் கெல்லர் அம்மையார் வந்து பார்வையற்றோருக்காகப் பாடுபடுங்கள் என்று வேண்டினார். அன்று வெளியிலிருந்து வந்த ஒரு குரல்தான் இன்றைக்கும் அவர்களுடைய கண் சிகிச்சை முகாம்களாக நடக்கிறது.

மூடியிருந்த கதவு

நல்லதை மட்டும் சொன்னால் அது வரலாறு ஆகாது. ஒரு தொழிலுக்கு ஒருவர் என்ற ரோட்டரி விதி பலதரப்பட்டவர்களைச் சேர்த்தது என்பது உண்மை. அதே விதி பலரை வாசலிலேயே நிறுத்தியதும் உண்மை. பெண்களுக்கோ கதவே இல்லை. கலிஃபோர்னியாவின் டுவார்ட்டே என்ற ஊரில், ஆள் குறைந்துபோன ஒரு சங்கம் 1977-இல் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டது. மறு ஆண்டே அதன் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. அவர்கள் கலைந்து போகவில்லை. 'முன்னாள் ரோட்டரி' என்று பெயர் வைத்துக்கொண்டு கூட்டம் நடத்தினார்கள், வழக்கும் நடத்தினார்கள். 1987 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1989-இல் உலகம் முழுவதற்குமான விதி மாறியது. 2022-23-இல் ஜெனிஃபர் ஜோன்ஸ் என்ற பெண்மணியே உலகத் தலைவராக இருந்தார். ஒரு கதவைத் திறக்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. திறந்த பின் லாபம் சங்கத்துக்குத்தான்.

நாம் வாழும் இந்தக் கல்கத்தாவிலும் ஒரு சான்று உண்டு. 1919-20-இல் இந்தியாவின் முதல் ரோட்டரி சங்கம் இங்கே அமைந்தபோது அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். அதே சங்கத்தில் பின்னால் வந்து சேர்ந்த நிதீஷ் லஹரி 1962-63-இல் உலக ரோட்டரியின் தலைவரானார். அப்பதவி வகித்த முதல் ஆசியர் அவரே.

நம்மவர் கண்ட வழி

உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி நம் பிள்ளைகள் பாடத்தில் படித்திருப்பார்கள். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டது. குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் எடுப்பது எப்படி என்று சொல்கிறது. அது எல்லோருக்கும் திறந்த சபை அல்ல. நிலமும் வேதப் படிப்பும் உடைய பிராமணர் சபை. என்றாலும் அதில் ஒரு விதி என்னை யோசிக்க வைத்தது. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. அதாவது பழையவர் எழுந்தால்தான் புதியவர் உட்கார முடியும் என்பதை ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னேயே கல்லில் வெட்டி வைத்தார்கள். நம் சங்கங்களில் ஒரே செயலாளர் பதினைந்து வருஷம் இருப்பதைத் தியாகம் என்று பாராட்டுகிறோம். தியாகம்தான், மறுக்கவில்லை. ஆனால் வாசலில் நிற்பவருக்கு அது என்னவாகத் தெரியும்?

நான் கண்டது

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் கடைசியில் ஒரு தொண்டுச் சங்கத்தில் என்னைச் சேர்த்தார்கள். மாலை போட்டார்கள், சட்டையில் சின்னம் குத்தினார்கள், கை தட்டினார்கள். அப்புறம் ஆறு மாசம் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. கடைசி மேஜையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வருவேன். பிறகு போவதை நிறுத்திவிட்டேன். நின்றது கூட யாருக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை.

சில வருஷம் கழித்து, ரயில்வேயில் ஓய்வு பெற்ற தமிழ்ப் பெரியவர் ஒருவர் படா பஜாரில் என் கடைக்கே வந்தார். "நயினார், ஞாயித்துக்கிழமை ஹௌரா பக்கம் போலியோ சொட்டு மருந்து கொடுக்கிறோம். ஐஸ் பெட்டியைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும். வர்றீங்களா?" என்றார். போனேன். மத்தியானம் வரைக்கும் பெட்டியைப் பார்த்துக்கொண்டேன். வேலைக்குப் போகும் தாய்மார்கள் இந்தத் தெருவுக்கு வரவே மாட்டார்களே, படகுத்துறையில் உட்கார்ந்தால் என்ன என்று சாயங்காலம் மெதுவாகக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "நல்ல யோசனை. அடுத்த தடவை அதை நீங்களே எடுத்துச் செய்யுங்க" என்றார். அன்றைக்குத்தான் நான் உண்மையில் உறுப்பினர் ஆனேன். அதன்பின் பல வருஷம் விடாமல் போனேன்.

இந்தியாவின் கடைசிப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் அதே ஹௌரா மாவட்டத்துக் குழந்தை ஒன்றுக்குத்தான் வந்தது. 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. அந்தப் பெரியவர் அதைப் பார்க்க இல்லை. ஐஸ் பெட்டி பிடித்த லட்சக்கணக்கான கைகளில் என் கையும் ஒன்று என்ற திருப்தி எனக்கு அவர் தந்தது.

செய்ய வேண்டியது

சமண சமயம் தானங்களை நான்காகச் சொல்லும்: உணவு, மருந்து, கல்வி, அபயம். அபயம் என்றால் பயத்தைப் போக்குவது. புதிதாக வருகிறவருக்கு நாம் பொங்கலன்று சாப்பாடு போடுகிறோம். அது முதல் தானம். பயத்தைப் போக்கினோமா?

சால்ட் லேக்கிலும் நியூ டவுனிலும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் வந்திருக்கின்றன. ராத்திரி ஒரு மணிக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் வேண்டும் என்றாலோ, தனியாக இருந்த பெரியவர் ஒருவர் காலமாகித் தூக்க நாலு பேர் வேண்டும் என்றாலோ, அறுபது தாண்டிய நாங்கள் எத்தனை நாளைக்கு ஓடி வர முடியும்?

எனவே மூன்று யோசனைகள். சேர்ந்த முதல் மாதமே, சின்னதானாலும் பெயர் சொல்லி ஒரு வேலை கொடுக்க வேண்டும். ஓராண்டுக்கு அவர் பக்கத்தில் உட்கார ஒரு பழைய உறுப்பினர் பொறுப்பு எடுக்க வேண்டும். மூன்றாவது முக்கியமானது: ஆறு மாதம் ஆனதும் அவரைக் கூப்பிட்டு, "நம்ம சங்கத்தில் எது உங்களுக்குச் சரியாகப் படவில்லை?" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டுப் பதில் சொல்லக் கூடாது. நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த செயற்குழுவில் வைக்க வேண்டும்.

நம்முடைய கார்ட்டர் ஒருவேளை போன பொங்கலுக்கே வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார். அவர் தொலைபேசி எண் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையில் இருக்கும். இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.